ஜாக்கியும் ஜாக்கிரதையும்

பழைய மோட்டார் கார் உள்ள வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை இரண்டு விதமாகக் கழியும். குடும்பம் முழுவதும் காருக்குள் ஏறிக்கொண்டு எங்காவது புறப்படும். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வார். முதலாவதைவிட இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது என்பதை அந்த வீட்டு அம்மாளைக் கேட்டால் சொல்வாள்.

அம்பாஸடர் கார் செய்வதை 2014-ஆம் ஆண்டில் நிறுத்திவிட்டார்கள். பியட் என்று பிறந்து, பிரீமியர் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்ட வண்டி அதற்கும் முன்பே விடைபெற்றுக்கொண்டது. 1961 முதல் நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் தொழிற்சாலையை மூடினால் பாசத்தையும் மூடிவிட முடியுமா? தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டப் பழகியது, கல்யாணப் பெண்ணை அழைத்து வந்தது என்று காரணம் சொல்லிக்கொண்டு, எத்தனையோ வீட்டுப் போர்ட்டிகோக்களில் இந்த வண்டிகள் துணியைப் போர்த்திக்கொண்டு இன்றும் நிற்கின்றன.

இவற்றுக்கு ஒரு குணம் உண்டு. இக்காலத்துக் கார்களைப்போல எல்லா மூட்டுகளையும் ஒரேயடியாக மூடி முத்திரையிட்டு இவற்றை அனுப்பவில்லை. முன்சக்கர மூட்டுகளுக்கும் ஸ்டீரிங் மூட்டுகளுக்கும் அவ்வப்போது கிரீஸ் அடிக்க வேண்டும். எங்கிருந்து எண்ணெய் சொட்டுகிறது என்று பார்க்க வேண்டும். துருப்பிடித்த ஸைலன்ஸரை இழுத்துக் கட்ட வேண்டும். இத்தனை வைத்தியமும் வயிற்றுப் பக்கத்திலிருந்துதான் செய்தாக வேண்டும். ஆகவே வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு ஒரு மனிதர் அதன் கீழே நுழைகிறார்.

பியட் சுமார் 900 கிலோ எடை. அம்பாஸடர் சுமார் 1100 கிலோ. 25 கிலோ அரிசி மூட்டைகளாகக் கணக்குப் போட்டால் 44 மூட்டை! அத்தனை மூட்டைகளையும் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே பாயை விரித்து யாராவது படுத்தால் நாம் சும்மா இருப்போமா? காருக்கு அடியில் படுக்கும்போது மட்டும், "அவருக்கு எல்லாம் தெரியும்" என்று உள்ளே போய்விடுகிறோம். அவருக்குத் தெரியட்டும். நமக்கும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது அல்லவா?

தூக்குவது வேறு, தாங்குவது வேறு

தெரிந்துகொள்ள வேண்டியது ஒரே ஒரு விஷயம். ஜாக்கி என்பது தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல.

இது நம் சமையலறையில் எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரந்தான். சாதம் வடித்த பெரிய பானையை அடுப்பிலிருந்து இறக்குவதற்கு முன்னால் பிரிமணையை எடுத்துப் போட்டுக்கொள்கிறோம். கை இறக்கும், அதன் பிறகு பிரிமணை தாங்கும். கொதிக்கும் பானையைக் கையிலே பிடித்துக்கொண்டு, "இப்படியே கொஞ்ச நேரம் நிற்கிறேன், நீ கீழே பெருக்கிவிடு" என்று யாரும் சொல்வதில்லை. ஜாக்கி என்பது கை. அதற்குப் பிரிமணை போல் இருப்பதுதான் ஸ்டாண்டு என்னும் இரும்பு முக்காலி. ஜாக்கியால் வண்டியை உயர்த்தி, ஸ்டாண்டின்மேல் உட்கார வைத்த பிறகுதான் மனிதர் கீழே போகலாம்.

வண்டியோடு கொடுக்கும் ஜாக்கி, வழியில் சக்கரம் மாற்றுவதற்காகக் கொடுத்தது. பத்து நிமிஷ வேலை. யாரும் கீழே நுழைய வேண்டியதில்லை. அந்த மட்டில் அது உத்தமமான கருவி. அதன் தலையில் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் ஏற்றி வைப்பதுதான் தவறு.

எண்ணெயின் பலமும் பலவீனமும்

ஜாக்கிகளில் முக்கியமாக இரண்டு ஜாதி. ஒன்று திருகு ஜாக்கி. மரையைச் சுற்றச் சுற்ற மெள்ள மெள்ள உயரும். மற்றொன்று எண்ணெய் ஜாக்கி. கைப்பிடியை மேலும் கீழும் அடித்தால் வண்டி ஜம்மென்று எழும்பும்.

எண்ணெய்க்கு இந்தப் பலம் எங்கிருந்து வந்தது? மூடிய பாத்திரத்திலுள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால், அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்டு சொன்னார். சிறிய குழாயில் ஒரு பங்கு பலம் கொடுத்தால், அதைப்போல் பத்து மடங்கு பரப்புள்ள பெரிய குழாயில் பத்துப் பங்கு பலம் கிடைக்கும். இதை வைத்து 1795-ல் இங்கிலாந்தில் ஜோஸப் பிராமா என்பவர் பெரிய அழுத்து யந்திரத்துக்கு உரிமை பெற்றார். 1851-ல் அமெரிக்காவில் ரிச்சர்டு டட்ஜன் என்பவர் அதையே கையில் தூக்கிச் செல்லும்படி சிறிதாக்கினார். அதுதான் எண்ணெய் ஜாக்கி. ஒல்லியான ஒரு பெண் ஒரு கையால் அம்பாஸடரைத் தூக்குகிறாள் என்றால் அது பாஸ்கலின் கைங்கரியம்.

ஆனால் அந்தப் பெரும் பாரத்தை உள்ளே எது தடுத்து நிறுத்துகிறது தெரியுமா? ஒரு ரப்பர் வளையமும், மிளகு அளவு வால்வு ஒன்றும். ரப்பர் தேய்ந்தால் எண்ணெய் கசியும். எண்ணெய் கசிந்தால் வண்டி இறங்கும். காலையில் உயர்த்தி வைத்தது சாயங்காலத்துக்குள் ஒரு விரற்கடை இறங்கியிருப்பதும் உண்டு. வளையம் ஒரேயடியாக விட்டுவிட்டால் கண் மூடித் திறப்பதற்குள் முழுவதும் இறங்குவதும் உண்டு. "அம்மா, விடப் போகிறேன்" என்று அது சொல்லிவிட்டு விடாது. ஜாக்கியின் அடியில் எண்ணெய்க் கறை தெரிந்தால், அது ஓய்வு கேட்கிறது என்று அர்த்தம்.

திருகு ஜாக்கிக்கு இந்த வியாதி இல்லை. ஆனால் அதற்கு அடி சிறிது, தலையும் சிறிது. வண்டி ஒரு சாண் நகர்ந்தால் குடை சாய்வதுபோல் சாய்ந்துவிடும்.

வண்டி நகரக் கூடாது

ஜாக்கி சரியாக இருந்தும் விபத்து நடக்கிறதென்றால், பெரும்பாலும் வண்டி உருண்டதுதான் காரணம். "ஹாண்டு பிரேக் போட்டிருக்கிறேனே!" என்பார்கள். போட்டிருக்கட்டும். அம்பாஸடரிலும் பியட்டிலும் அந்தப் பிரேக் பின்சக்கரங்களை மட்டுந்தான் பிடிக்கும். பின்பக்கம் முழுவதையும் உயர்த்திவிட்டால், அது பிடித்துக்கொண்டிருப்பது ஆகாயத்தை!

"கியரில் போட்டிருக்கிறேன்" என்பார் இன்னொருவர். ஒரு பின்சக்கரம் மட்டும் தரையைவிட்டு எழும்பினால் கியர் காப்பாற்றாது. வளைவில் திரும்பும்போது இரண்டு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதற்காக நடுவே ஓர் அமைப்பு உண்டு. அதன் காரணமாக, அந்தரத்திலுள்ள சக்கரம் சும்மா ஒரு பக்கம் சுழல, தரையிலுள்ள சக்கரம் மறுபக்கம் உருள வழி இருக்கிறது. பழைய வண்டியில் பிரேக் கம்பியும் தளர்ந்திருந்தால் கேட்க வேண்டியதில்லை.

ஆகவே லாரிக் கிளீனர்கள் செய்வதைச் செய்ய வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். முன்பக்கம் தூக்கினால் பின்சக்கரங்களுக்கு. பின்பக்கம் தூக்கினால் முன்சக்கரங்களுக்கு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஆப்பு வடிவத்தில் அறுத்த மரக்கட்டை சிலாக்கியம். தரையில் கிடக்கும் கூழாங்கல் கட்டை ஆகாது. சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே போகும்.

தரையைப் பாருங்கள்

வெயிலில் இளகிய தார்ச் சாலையில் முக்காலியின் கால்கள் பதியும். மணலிலும் தோட்டத்து மண்ணிலும் கேட்கவே வேண்டாம். போர்ட்டிகோவில் பதித்த வழவழப்பான டைல் வழுக்கும். அடியில் பொள்ளலாக இருந்தால் உடையும். தெருவை நோக்கிச் சரியும் வாசல் வழி எல்லாவற்றையும்விட மோசம். சமதளமான சிமெண்டுத் தரை உத்தமம். வேறு கதி இல்லையென்றால் ஸ்டாண்டின் அடியில் கனமான பலகையோ இரும்புத் தகடோ போடலாம். சரிவில் மட்டும் எதைப் போட்டும் பிரயோஜனமில்லை; வண்டியை இடம் மாற்ற வேண்டியதுதான்.

எந்த இடத்தில் முட்டுக் கொடுப்பது?

பழைய கார் விஷயத்தில் மிகவும் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். கடற்காற்று குடிக்கும் நம் சென்னையில், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே துரு அரித்துப் போயிருக்கும். டிங்கர் கடையில் பட்டி தடவிப் பெயிண்டு அடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. ஜாக்கியை அங்கே கொடுத்துத் தூக்கினால், அப்பளத்தில் விரலை வைத்ததுபோல் ஜாக்கி உள்ளே போகும். வண்டி கீழே வரும். முதலில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பார்க்க வேண்டும். தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்த்துப் பழகிய காதுக்கு இது பெரிய வித்தை அல்ல. கணீரென்றால் இரும்பு, சொத்தென்றால் துருவும் பட்டியும்.

அம்பாஸடருக்கும் பியட்டுக்கும் பின்னால் குறுக்கே ஓடும் பருத்த அச்சுக் குழாய் இருக்கிறது. பட்டை ஸ்பிரிங் அதன்மேல் உட்காரும் இடத்தை ஒட்டி, இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்டாண்டு வைத்தால் வண்டி சிம்மாசனத்தில் உட்கார்ந்ததுபோல் உட்காரும். ஹெரால்டுக்கு இது பொருந்தாது. அதன் பின்சக்கரங்கள் தனித்தனியே ஆடுபவை. ஆனால் அதற்கு உடம்புக்குக் கீழே தனியாக ஒரு சட்டம் உண்டு. ஸ்டாண்டை அந்தச் சட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். எந்த வண்டியானாலும், எஞ்ஜினின் எண்ணெய்த் தொட்டி, கியர் பெட்டி, தரைத் தகடு ஆகியவற்றின்மேல் பாரத்தை ஏற்றக் கூடாது. வண்டியோடு வந்த கையேடு பீரோவின் அடித்தட்டில் எங்காவது கிடக்கும். தேடி எடுத்தால் படத்தோடு போட்டிருக்கும்.

செங்கல்லுக்குச் சிபாரிசு வேண்டாம்

"ஸ்டாண்டு எதற்கு? நாலு செங்கல் அடுக்கினால் போதாதா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். வீடே செங்கல்லால் நிற்கிறதே என்று நமக்கும் தோன்றும். வீட்டுச் சுவரில் பாரம் நீளப் பரவி இறங்குகிறது. காரின் பாரமோ ஒரு கைக்குட்டை அளவு இடத்தில் குவிகிறது. செங்கல்லும், நடுவே ஓட்டையுள்ள சிமெண்டுக் கல்லும் வளைந்து எச்சரிப்பதில்லை. ஒரேயடியாக வெடித்துத் தூளாகும். மரத்துக்கு அந்தத் துரோக புத்தி கிடையாது. கனமான மரக்கட்டைகளை நெடுக்கும் குறுக்குமாக, அடி அகலமாக அடுக்கினால் நம்பலாம். பாரம் மிஞ்சினால் அது முனகிவிட்டுத்தான் முறியும்.

வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் மெக்கானிக்கிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

"இருபது வருஷமா இப்படித்தாம்மா செய்யறேன். ஒண்ணும் ஆனதில்லை" என்பார்.

"இருபது வருஷம் ஒண்ணும் ஆகலை, ரொம்ப சந்தோஷம்ப்பா. இருபத்தோராவது வருஷமும் ஒண்ணும் ஆக வேண்டாம்னுதான் சொல்றேன். ஸ்டாண்டை வச்சுட்டுப் படு. அதுக்குள்ளே காபி கலந்து கொண்டு வரேன்" என்று சொல்லுங்கள். காபிக்கு இணங்காத மெக்கானிக் கிடையாது.

ஒரு ஜோடி ஸ்டாண்டு, ஒரு தீபாவளிப் புடவையின் விலைக்குள் அடங்கும். எத்தனை டன் தாங்கும் என்று அதில் பொறித்திருக்கிறதா, பற்ற வைத்த இடங்களில் விரிசல் இல்லையா, உயரத்தை நிறுத்தும் பல் அல்லது ஆணி ஆட்டமில்லாமல் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2020-ல் அமெரிக்காவில், பல் சரியாகக் கவ்வாமல் திடீரென்று இறங்கக்கூடும் என்ற காரணத்துக்காகப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டாண்டுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தது.

வேலையின் வரிசை

எந்த வேலைக்கும் முன்பின் உண்டு. தாளித்த பிறகு எண்ணெய் ஊற்றுவார் உண்டா? இதற்கும் அப்படியே:

1. சமதளத்தில் நிறுத்தி, ஹாண்டு பிரேக் போட்டு, கியரில் போட்டு, சாவியை எடுத்துவிட வேண்டும்.

2. தரையிலேயே இருக்கப்போகும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.

3. சக்கரத்தைக் கழற்றுவதானால், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திக்கொள்ள வேண்டும். உயர்த்திய பிறகு முழுப் பலத்தையும் கொடுத்து இழுத்தால் வண்டியையே ஜாக்கியிலிருந்து இழுத்ததாக ஆகும்.

4. ஜாக்கியை நேராக நிறுத்தி மெதுவாக உயர்த்த வேண்டும். சக்கரமுள்ள டிராலி ஜாக்கியானால், வண்டி உயர உயர அது தானாகக் கொஞ்சம் உருண்டு வரும். அதன் வழியில் கல் கிடக்கக் கூடாது.

5. தேவையான உயரம் வந்ததும், உடம்பை உள்ளே நுழைக்காமல், கையை மட்டும் நீட்டி ஸ்டாண்டுகளை இரு பக்கமும் ஒரே உயரத்தில் வைக்க வேண்டும்.

6. ஜாக்கியை மெள்ளத் தளர்த்தி, வண்டியை ஸ்டாண்டின்மேல் இறக்க வேண்டும். பிறகு ஜாக்கியைப் பட்டும் படாமலும் அங்கேயே விட்டு வைக்கலாம்.

7. வெளியே நின்றுகொண்டு வண்டியைக் கையால் நன்றாக ஆட்டிப் பார்க்க வேண்டும். விழுகிறதானால் ஆள் இல்லாதபோதே விழட்டும்!

8. கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்க வைக்க வேண்டும். எல்லாம் கைவிட்டாலும், சக்கரத்தின் தடிப்பு அளவாவது இடைவெளி மிஞ்சும். அந்த இடைவெளியில் ஓர் உயிர் தங்கும்.

ஸ்டெப்னி என்றதும் ஒரு வேடிக்கை. இது காரின் பாகத்துக்கு வந்த பெயர் அல்ல, தெருவின் பெயர். 1904-ல் வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்ற ஊரிலே, ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள் உபரிச் சக்கரம் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அந்தத் தெருப் பெயர் கடல் கடந்து வந்து நம் வீட்டு டிக்கிக்குள் படுத்துக்கொண்டிருக்கிறது!

வீட்டு அம்மாளின் அதிகாரம்

காருக்கு அடியில் யாராவது இருக்கும்போது மேலே ஒருவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இது முதல் விதி. யாரும் கதவைத் திறந்து உள்ளே உட்காரக் கூடாது, டிக்கியை அறைந்து சாத்தக் கூடாது, "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கட்டுமா?" என்று பையன் ஆசைப்படக் கூடாது. சாவி உங்கள் இடுப்பில் இருந்தால் இந்தக் கவலை பாதி தீர்ந்தது.

இரண்டாவது விதி குழந்தைகளைப் பற்றியது. பந்து எப்போதும் கார் அடியில்தான் உருளும். குழந்தை அதன் பின்னாலேயே தவழ்ந்து போகும். சாப்பாட்டு வேளையில் பெரியவர் எழுந்து கைகழுவ வந்திருப்பார். வண்டி ஜாக்கியின்மேலேயே நின்றுகொண்டிருக்கும். இந்த அரை மணி நேரந்தான் அபாயமான நேரம். வேலை பாதியில் நின்றால், வண்டி தரையில் இருக்க வேண்டும், அல்லது ஸ்டாண்டின்மேல் இருக்க வேண்டும். ஜாக்கியின்மேல் இருக்கக் கூடாது. "சாப்பிட வாருங்கள்" என்று கூப்பிடும்போதே, "வண்டியை இறக்கிவிட்டு வாருங்கள்" என்றும் சேர்த்துச் சொல்லிப் பழகுங்கள்.

நீங்களே காரை ஓட்டிச் சென்று வழியில் பஞ்சரானாலும் இதே சாஸ்திரந்தான். சாலையைவிட்டு ஒதுங்கிக் கெட்டியான தரையில் நிறுத்துங்கள். எல்லோரையும் இறக்கி, போக்குவரத்துக்கு விலகி நிற்கச் சொல்லுங்கள். கட்டை இல்லாவிட்டால் பெரிய கல். ஸ்டெப்னியை விளிம்புக்கு அடியில் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். கையோ காலோ தலையோ வண்டிக்கு அடியில் போக வேண்டாம். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். ஜாக்கி சாய்வதுபோல் தோன்றினால் பிடித்து நிறுத்தப் பார்க்காமல் விலகி ஓடுங்கள். 1100 கிலோவோடு போட்டியிட்டு ஜெயித்தவர் இல்லை.

ஆபத்து வந்துவிட்டால்

வரக் கூடாது, வந்துவிட்டால், காலைப் பிடித்து இழுப்பதுதான் முதலில் எல்லோரும் செய்யும் தவறு. பாரம் மேலே இருக்கும்போது இழுத்தால் காயம் பெரிதாகும். முதலில் வண்டியைத் தூக்க வேண்டும். இரண்டாவது ஜாக்கி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருப்பதன் அருமை அப்போது தெரியும். அது இல்லாவிட்டால் சத்தம் போட்டு நாலு பேரைக் கூப்பிடுங்கள். ஆண்களும் பெண்களுமாக ஓர் ஓரத்தைப் பிடித்தால் ஒரு சாண் உயர்த்த முடியும். தூக்கியதும் உடனே கட்டையோ சக்கரமோ அடியில் தள்ள வேண்டும். அதே சமயம் இன்னொருவர் 108-க்குப் போன் செய்ய வேண்டும். வெளியே வந்தவர், "ஒன்றுமில்லை, எழுந்திருக்கிறேன்" என்பார். நம்பாதீர்கள். உள்காயம் வெளியே தெரியாது. அசைக்காமல் படுக்க வைத்து, வைத்தியர் பார்க்கும்வரை அவருடைய வீராப்பைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, "இந்தப் பழைய காரே வேண்டாம்" என்று தீர்மானித்துவிட வேண்டாம். நன்றாகக் கவனித்தால் இன்னொரு தலைமுறைக்கும் ஓடக்கூடிய வண்டிகள் இவை. அவர் கீழே போகட்டும், கிரீஸ் அடிக்கட்டும், சட்டையெல்லாம் கறையாக்கிக்கொண்டு வரட்டும், அதைத் துவைத்துக்கொள்ளலாம். போவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்டு வையுங்கள்: "ஸ்டாண்டு வைத்தாகிவிட்டதா?"

பழைய காருக்கு உதிரி பாகம் புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்கும். ஆளுக்குக் கிடைக்காது.